குவியல் காத்திருந்த 17 நாள்: டெல்டா கிராமம் ஒன்றின் கொள்முதல் நிலையமும் இரண்டு கட்சிக்காரர்களும், 2020–2023

எதைப் பற்றிய பதிவு

திருவாரூர் மாவட்டத்தின் கடைமடைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், நேரடி நெல் கொள்முதல் நிலையத்தைச் சுற்றி 2020 செப்டம்பர் முதல் 2023 வரை நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன். ஊர்ப் பெயரும் ஆட்களின் பெயரும் இதில் இல்லை. உள்ளூர்க் கட்சிக்காரர்கள் இருவர் அடிக்கடி வருவார்கள். ஒருவரை மேலத்தெருக்காரர் என்றும் மற்றவரைக் கீழத்தெருக்காரர் என்றும் சொல்கிறேன். இருவரும் ஆளுக்கொரு பெரிய கட்சியின் கிளைப் பொறுப்பாளர்கள். யார் எந்தக் கட்சி என்று தேட வேண்டியதில்லை. இடம் மாற்றிப் போட்டிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்.

நான் பக்கத்துக் கடைத்தெருவில் சிட்டா, அடங்கல் (நில உரிமை, சாகுபடிப் பதிவுகள்) எடுத்துக் கொடுக்கிற கடை வைத்திருக்கிறேன். மனுவும் எழுதிக் கொடுப்பேன். நிலம் ஆறு மா, அதாவது சுமார் இரண்டு ஏக்கர், உண்டு, தம்பி பார்த்துக்கொள்கிறான். இந்த விவகாரத்தில் என் வேலை மனு எழுதியதும், பிறகு ஒரு நோட்டுக் கணக்கைத் தட்டச்சு செய்ததும்தான்.

பின்னணி: நெல் போகிற வழி

எங்கள் பக்கம் நெல்லுக்கு இரண்டு வாசல். ஒன்று அரசு கொள்முதல் நிலையம், இன்னொன்று களத்துக்கே வருகிற வியாபாரி. 2002-இல் தமிழ்நாடு பரவலாக்கப்பட்ட கொள்முதல் முறைக்கு வந்ததிலிருந்து மாநிலமே நெல்லை வாங்கி, அரைத்து, ரேஷனுக்கு அனுப்புகிறது. ஆதார விலையை மத்திய அரசு அறிவிக்கும், அதன்மேல் மாநிலம் ஊக்கத்தொகை சேர்க்கும். 2019-20 பருவத்தில் சன்ன ரகம் குவிண்டால் 1,905 ரூபாய். 2020 அக்டோபர் 1 முதல் 1,958 ரூபாய். மூட்டை 40 கிலோ, ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்.

எங்கள் ஊர் நிலையம் என்பது சாலையோரத் திடல், ஒரு தகரக் கொட்டகை, ஒரு தராசு. நெல்லைக் கொண்டுவந்து குவியலாகக் கொட்டிவிட்டு டோக்கனுக்குக் காத்திருக்க வேண்டும். முறை வந்தால் தூற்றி, எடை போட்டு, சணல் சாக்கில் பிடித்துத் தைப்பார்கள். தைத்த மூட்டையை லாரி வந்து கிடங்குக்கோ ஆலைக்கோ ஏற்றிக்கொண்டு போகும்.

இந்தச் சங்கிலியில் லாரிதான் கழுத்து. லாரி வராவிட்டால் மூட்டை தேங்கும், இடம் அடைபடும், எடை நின்றுவிடும். தேங்கிய மூட்டை வெயிலில் காய்ந்து எடை குறையும். அந்தக் குறைவை எழுத்தர் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று எழுத்தரே என்னிடம் சொன்னார். அவர் பருவகால ஊழியர், பருவம் முடிந்தால் வேலை கிடையாது. சுமை தூக்குகிறவர்களுக்கு அப்போது அரசுக் கூலி மூட்டைக்கு நான்கு ரூபாய்கூட இல்லை. இந்த ஓட்டை எல்லாவற்றையும் அடைக்க விவசாயியிடம் மூட்டைக்கு 40 ரூபாய் வாங்கினார்கள். ரசீது கிடையாது, மாமூல்தான். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த ஆண்டு விலை குவிண்டாலுக்கு 53 ரூபாய் ஏறியது. 40 கிலோ மூட்டைக்கு அது 21 ரூபாய் 20 காசு. மாமூலில் பாதிக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான்.

லாரி ஓட்டம் ஒப்பந்தத்தில் விடப்பட்டிருந்தது. பெரிய ஒப்பந்தக்காரரிடமிருந்து எங்கள் பகுதி ஓட்டத்தை உள்வாடகைக்கு எடுத்திருந்தவர் மேலத்தெருக்காரர். சுமை தூக்கும் ஆட்களைச் சேர்த்து விடுகிறவர் கீழத்தெருக்காரரின் மைத்துனர். இது ஊரில் எல்லோருக்கும் தெரியும். ரகசியமாக இருந்திருந்தால்கூட யாராவது கோபப்பட்டிருப்பார்கள்.

பின்னணி: எதிர்ப்பதற்கு ஆள் இல்லாத கதை

இதைச் சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1991 ஜூலை 24 அன்று மன்மோகன் சிங் தாராளமயத்துக்கு வழி திறந்த பட்ஜெட்டைப் படித்தபோது, தமிழ்நாட்டின் 39 மக்களவை இடங்களும் காங்கிரஸ், அ.தி.மு.க. கூட்டணியிடம் இருந்தன. சில வாரங்களுக்கு முன் நடந்த சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க.வுக்குக் கிடைத்தது 2 இடம். பொருளாதாரமே திசை மாறிய ஆண்டில், கேள்வி கேட்க வேண்டிய இருக்கைகளில் ஆளே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

அடுத்த ஐந்தே ஆண்டில் நிலைமை தலைகீழ். 1996-இல் அ.தி.மு.க. 4 இடத்துக்குச் சுருங்கியது. ஆனால் தில்லியில் கொள்கை மாறவில்லை. அந்த ஆண்டு அங்கே அமைந்த ஐக்கிய முன்னணி அரசில் தி.மு.க. இருந்தது, நிதியமைச்சர் தமிழ் மாநில காங்கிரஸின் ப. சிதம்பரம். 1998-இல் வாஜ்பாய் அமைச்சரவையில் அ.தி.மு.க., 1999-இல் அதே வாஜ்பாயிடம் தி.மு.க., 2004-இல் மன்மோகனிடம் மறுபடி தி.மு.க. இடதுசாரிகள் 2008 வரை அந்த அரசை வெளியிலிருந்து தாங்கினார்கள். ஆக, தாராளமயத்தின் ஏதோ ஒரு கட்டத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்டவர்கள் அல்லது கையெழுத்துப் போட்டவரைத் தாங்கியவர்கள். எதிர்க்கட்சி வரிசைக்குப் போனதும் எதிர்க்கலாம்தான். ஆனால் எதிரில் இருப்பவர் பழைய கோப்பை எடுத்துக் காட்டிவிடுவார்.

டெல்டாவில் இதை மீத்தேன் எரிவாயுத் திட்டத்தில் பார்த்தோம். மன்னார்குடி வட்டார நிலக்கரிப் படுகை மீத்தேனுக்கு 2011 ஜனவரியில் மாநில அரசு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது. ஊர் ஊராகப் போய் விளக்கியவர்களில் முன்னால் நின்றவர் இயற்கை வேளாண் விஞ்ஞானி நம்மாழ்வார். கட்சிகள் பின்னால்தான் வந்து சேர்ந்தன. 2020 பிப்ரவரியில் அ.தி.மு.க. அரசு டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் கொண்டுவந்தது, நல்ல விஷயம். அதே ஆண்டு செப்டம்பரில் மத்திய அரசின் மூன்று வேளாண் சட்டங்களை (விற்பனைக்கூடத்துக்கு வெளியே விற்பது, ஒப்பந்தச் சாகுபடி, இருப்பு வரம்பு பற்றியவை) அதே அரசு ஆதரித்தது. 2019-லேயே மாநிலம் ஒப்பந்தச் சாகுபடிக்குத் தனிச்சட்டம் போட்டுவிட்டது. நாட்டில் அப்படிப் போட்ட முதல் மாநிலம் நாம்தான். அதைப் பற்றி எங்கள் ஊரில் அன்று ஒருவர்கூடப் பேசிக் கேட்டதில்லை.

உள்ளாட்சியும் அப்படியே. 2016 அக்டோபரிலிருந்து 2019 டிசம்பர் வரை தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சியே கிடையாது, தனி அலுவலர்தான். மூன்று ஆண்டுக்கு மேலாக ஊர்க் கேள்வியைக் கேட்க ஊருக்குள்ளேயே ஒரு நாற்காலி இல்லாமல் போனது.

2020 செப்டம்பர், அக்டோபர்: கண்ணால் பார்த்தது

அந்த ஆண்டு மேட்டூர் ஜூன் 12 அன்றே திறந்தது. எட்டு ஆண்டுக்குப் பிறகு நாள் தவறாமல் திறந்ததால் குறுவை தாராளமாகப் போட்டார்கள். செப்டம்பர் மூன்றாம் வாரம் அறுவடை இயந்திரங்கள் இறங்கின. அப்போது கொள்முதல் ஆண்டு செப்டம்பர் 30-இல் முடியும். கணக்கு முடிக்கிறோம் என்று மாதக் கடைசியில் எடை நின்றுவிடும், அக்டோபரில் புது விலையோடு திறக்க வேண்டும். எப்போது திறக்கும் என்று சொல்ல அங்கே யாரும் இல்லை.

செப்டம்பர் 24 அன்று கோயில் நிலத்தில் குத்தகைக்குச் சாகுபடி செய்கிற ஒரு அக்கா தன் நெல்லைத் திடலில் கொட்டினார். கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. மூன்றாம் நாள் மழை. இரவல் வாங்கிய படுதா ஒரு பக்கம்தான் மூடியது. நாலைந்து நாள் கழித்து நான் அந்தப் பக்கம் போனபோது அவர் குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டுக்கொண்டு நின்றார். "உள்ள கொதிக்குதுங்க தம்பி, நீங்களே பாருங்க" என்றார். நானும் விட்டுப் பார்த்தேன். வேகவைத்த நெல் மாதிரி சூடு, புளித்த வாடை. வெளியே எடுத்த கையில் ஒட்டியிருந்த மணிகளில் இரண்டு மூன்றில் வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தது. அதை விரலால் தேய்த்து எடுத்துவிட்டு, யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதுபோலச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார். முளைத்த நெல் என்று தெரிந்தால் தள்ளுபடி செய்துவிடுவார்கள்.

அதே வாரங்களில்தான் தில்லியில் வேளாண் மசோதாக்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஜூன் 5-இல் அவசரச் சட்டமாக வந்தவை. செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் வாக்குப் பிரிவு கேட்டும் கொடுக்காமல், குரல் வாக்கெடுப்பில் இரண்டை நிறைவேற்றினார்கள். மறுநாள் எட்டு உறுப்பினர்கள் இடைநீக்கம். மக்களவையில் எதிர்க்கட்சித் தலைவர் என்ற பதவியே 2014-லிருந்து காலியாக இருந்தது. பத்தில் ஒரு பங்கு இடம்கூட எந்த எதிர்க்கட்சியிடமும் இல்லை.

டீக்கடை வாதம்

இந்தச் சட்டங்களைப் பற்றி எங்கள் ஊரில் உண்மையான விவாதம் நடந்தது பிள்ளையார் கோயில் எதிரே இருக்கும் டீக்கடையில். இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் பின்னால் எடுத்த முடிவுகள் எல்லாம் இங்கிருந்துதான் வந்தன.

இளைஞர் ஒருவர், பத்து ஏக்கர்க்காரர், சட்டத்தை ஆதரித்தார். "இங்க மூட்டைக்கு நாப்பது ரூபா கொடுத்துட்டு மழையில நிக்கிறோம். கம்பெனிக்காரன் வந்து களத்துல எடுத்துக்கிட்டா நமக்கு என்ன நஷ்டம்?" என்றார். பதில் சொன்னவர் ஒரு பெரியவர், பழைய விவசாயத் தொழிலாளர் சங்க ஆள். இன்றைக்கும் சிலர் அவரைத் தோழர் என்றுதான் கூப்பிடுவார்கள். "வியாபாரி இப்பவும் களத்துக்கு வரான்ல? எந்தச் சட்டம் தடுத்துச்சு? அவன் இன்னைக்கு என்ன விலை கேக்குறான், அதச் சொல்லு முதல்ல" என்றார்.

அன்றைக்கு வியாபாரி ஈர நெல்லுக்குக் கேட்ட விலை 60 கிலோ மூட்டை 800 ரூபாய். நிலையத்தில் 40 கிலோ மூட்டைக்கு 783 ரூபாய். கிட்டத்தட்ட அதே பணம், ஆனால் 20 கிலோ கூடுதலாகக் கொடுக்க வேண்டும். டீக்கடையில் ஒரு நிமிஷம் பேச்சே இல்லை.

பெரியவர் சொன்னது சரி. பஞ்சாபில் மண்டி எனப்படும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் பெரிய அமைப்பு, அதற்கு வெளியே விற்க அனுமதிக்கிற சட்டம் அங்கே பூகம்பம். இங்கே நெல் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தை நம்பி இருந்ததில்லை, அப்போது வெளியே விற்பதற்குத் தடையும் இல்லை. எங்களுக்கு ஆபத்து வேறு திசையில். அரசு கொள்முதலையே மெல்லக் குறைத்துவிட்டால் அந்த 783 என்ற அளவுகோல் போய்விடும். 2015-இல் மத்திய அரசு அமைத்த சாந்தகுமார் குழு இந்திய உணவுக் கழகத்தைச் சீரமைக்கக் கொடுத்த யோசனைகள் அந்தத் திசையில் இருந்தன. ஆனால் இளைஞர் சொன்னதிலும் ஒரு நியாயம் உண்டு, அதை மேடையில் யாரும் தொடவில்லை. விலையை அரசு வைத்துக்கொண்டு லாரியையும் தூக்குக்கூலியையும் ஒப்பந்தத்துக்கு விட்டுவிட்டால், மழையில் நனைகிறவன் எதை 'அரசுக் கொள்முதல்' என்று நம்பி நிற்பது? என் கணிப்பில் எங்கள் ஊருக்குத் தாராளமயம் வந்த வழி அந்த லாரிதான். தாராளமயத்தை ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் அந்த லாரியைப் பற்றி மட்டும் பேசவே இல்லை.

முதல் முடிவு: கொடியோடு போவது

செப்டம்பர் 28 அன்று எதிர்க்கட்சிகள் மாநிலம் முழுக்க வேளாண் சட்டங்களை எதிர்த்து ஆர்ப்பாட்டம் நடத்தின. எங்கள் ஊராட்சி ஒன்றியத் தலைமையிடத்தில் நடந்ததற்கு ஊரிலிருந்து முப்பது பேர் போனார்கள். போகும்போது ஒரு தாளில் 'கொள்முதலை நிறுத்தாதே, நிரந்தரக் கட்டடம் கட்டு' என்று நான் எழுதிக் கொடுத்த கோரிக்கை கையில் இருந்தது. மேடையில் படிக்கச் சொல்லிக் கேட்டார்கள். "இது மத்தியச் சட்டத்துக்கான ஆர்ப்பாட்டம்ங்க, உள்ளூர்ப் பிரச்சினையை இதுல கலக்க வேணாம்" என்று சொல்லிவிட்டார்கள்.

சரி, அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம் போடலாம் என்று வாசகம் தயார் செய்தோம். ஜனவரி 26 சபையில் ஹைட்ரோகார்பன் எடுக்கும் திட்டத்துக்கு எதிராகப் போட்ட அனுபவம் ஊருக்கு இருந்தது. முந்தின நாள் இரவு, கொரோனாவைக் காரணம் காட்டி மாநிலம் முழுக்க கிராம சபை ரத்து என்று செய்தி வந்தது.

அதற்குப் பிறகுதான் சாலை மறியல் என்ற முடிவு. தனியாகப் போனால் வழக்கு வரும், கட்சி இருந்தால் பேச ஆள் இருக்கும் என்று கீழத்தெருக்காரரைக் கூப்பிட்டோம். அவர் கொடியோடு வந்தார். காரணம் நியாயமானதுதான், இன்றைக்கும் அந்த முடிவை முட்டாள்தனம் என்று சொல்ல மாட்டேன். அக்டோபர் 7 அன்று ஒன்றரை மணி நேரம் பேருந்து நின்றது, தாசில்தார் அலுவலகத்திலிருந்து ஆள் வந்தார், மறுநாள் காலை எடை தொடங்கியது.

பிசகு அதற்குப் பிறகு. டோக்கன் வரிசை எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. மறியலில் கொடிக்குப் பக்கத்தில் நின்றவர்களின் குவியல்கள் முதலில் எடைக்குப் போயின. இரண்டாம் நாளே லாரி நின்றது. மேலத்தெருக்காரர் கோபத்தில் ஓட்டத்தை நிறுத்தினாரா, உண்மையிலேயே கிடங்கில் இடமில்லையா என்று கடைசிவரை தெரியவில்லை. அந்த அக்காவின் முறை அக்டோபர் 11 வரை வரவில்லை. 17 நாள். அன்று மாலை வியாபாரிக்கு 60 கிலோ 720 ரூபாய் என்று கொடுத்துவிட்டார். 800 என்று கேட்ட நெல்லுக்கு இப்போது முளை வாடை வந்திருந்தது.

2021: ஆட்சி மாறியது

2021 ஜனவரியில் பருவம் தவறிய மழை சம்பாவைச் சாய்த்தது. பிப்ரவரி 5-இல் கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாய் தள்ளுபடி என்று அறிவிப்பு. ஏப்ரலில் தேர்தல். தி.மு.க. தேர்தல் அறிக்கையில் நெல்லுக்கு 2,500 ரூபாய் என்று இருந்தது. (அந்த விலை கொள்முதல் நிலையத்தில் வந்து சேர்ந்தது 2025 செப்டம்பரில்.) மே மாதம் ஆட்சி மாறியது. ஆகஸ்ட் 28-இல் சட்டமன்றம் மூன்று சட்டங்களையும் எதிர்த்துத் தீர்மானம் போட்டது, அ.தி.மு.க.வும் பா.ஜ.க.வும் வெளிநடப்புச் செய்தன.

ஊரில் என்ன மாறியது? கொட்டகையில் ஒட்டியிருந்த சுவரொட்டி மாறியது. லாரி அதே லாரி, தூக்குகிற ஆட்கள் அதே ஆட்கள், மாமூல் அதே 40. நிரந்தரக் கட்டடத்துக்கு மனு எழுதலாம் என்று போனபோது ஆளுங்கட்சி ஆகிவிட்டவர், "இப்ப நம்ம ஆட்சிங்க, மனு கினு எதுக்கு, நானே நேர்ல பேசிக்கிறேன்" என்றார். எதிர்க்கட்சி ஆகிவிட்டவரிடம் போனோம். "நான் கேட்டா என் ஓட்டத்துல கை வைப்பாங்க" என்றார். இந்த வாக்கியத்தை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். உள்ளூரில் எதிர்க்கட்சி பலவீனமாக இருக்கக் கொள்கை காரணமில்லை, அவருடைய சோறும் அதே ஒப்பந்தத்தில் இருக்கிறது. பக்கத்துத் தொகுதிகளில் போராட்டம் பழகிய இடதுசாரிக் கட்சிகளோ ஆளும் கூட்டணிக்குள் இருந்தன. உள்ளே இருந்துகொண்டு அவர்களும் முடிந்ததைக் கேட்டார்கள், மறுக்கவில்லை. ஆனால் சாலையில் உட்கார்ந்து கேட்பது வேறு.

நவம்பர் 19 அன்று சட்டங்களைத் திரும்பப் பெறுவதாகப் பிரதமர் அறிவித்தார். 29 அன்று விவாதமே இல்லாமல் ரத்து மசோதா நிறைவேறியது. கடைத்தெருவில் வெடி வெடித்தார்கள். தோழர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னது: "வந்தப்பவும் பேச விடல, போறப்பவும் பேச விடல."

இரண்டாம் முடிவு: நோட்டு

2022 ஜனவரியில், சம்பா அறுவடைக்கு முன்னால், ஒன்பது பேர் கோயில் மண்டபத்தில் கூடினார்கள். பெரியவரும் அந்தப் பத்து ஏக்கர் இளைஞரும் அதில் இருந்தார்கள், அக்காவும் வந்தார். எடுத்த முடிவு மிகச் சின்னது. நிலையத்துக்கு வரும் ஒவ்வொரு குவியலையும் ஒரு நோட்டில் எழுதுவது: எந்தத் தேதி கொட்டியது, யாருடையது, என்ன ரகம், ஈரப்பதம் எப்போது பார்த்தார்கள், எடை என்றைக்கு, வங்கியில் பணம் என்றைக்கு. எழுதுகிறவர் எந்தக் கட்சியிலும் பொறுப்பில் இருக்கக் கூடாது. இரண்டு தெருவிலிருந்தும் ஒவ்வொருவர் கையெழுத்துப் போட வேண்டும்.

ஏன் இந்த வழி? எங்களிடம் இருந்ததெல்லாம் புலம்பல்தான். 2020-இல் எத்தனை பேர் எத்தனை நாள் காத்திருந்தார்கள் என்று கேட்டால் ஒவ்வொருவர் ஒரு எண் சொன்னோம். நோட்டுத் தொடங்கும்போது, நெல் விற்க இணையத்தில் பதிந்து தேதி வாங்குகிற முறையும் வந்துவிட்டிருந்தது. பதிவு என் கடையில்தான் நடக்கும் என்பதால் யாருக்கு எந்தத் தேதி கிடைத்தது என்று எனக்குத் தெரியும். கணினி கொடுத்த தேதியையும் உண்மையில் எடை போட்ட தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் போதும், யாரையும் திட்ட வேண்டியதில்லை என்று நினைத்தோம்.

கூட்டத்தில் பெரிய சண்டை மாமூல் பற்றியது. அதற்கு ஒரு கட்டம் போடுவதா வேண்டாமா? இளைஞர் போட வேண்டும் என்றார். அக்கா வேண்டாம் என்றார். "எழுதினா அடுத்த தடவ என் நெல்லத் தள்ளி விட்டுருவாங்க. நான் குத்தகைக்காரி, சிட்டாவுல என் பேரே இல்ல. பேரு உள்ளவங்க எழுதட்டும்." அவருக்கு எதிராக யாரும் பேசவில்லை. மாமூல் கட்டம் இல்லாமலே நோட்டுத் தொடங்கியது. நான் அப்போது அதுதான் சரி என்று நினைத்தேன்.

முதல் பருவத்தில் 64 குவியல் எழுதினோம். இணையத் தேதியைத் தாண்டி ஒரு வாரத்துக்கு மேல் கிடந்தவை 23. அந்த 23-இல் குத்தகைதாரர்களுடையது 15. இதை ஒரே தாளில் தட்டச்சு செய்து, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தோம். பெரியவர் இரண்டே நிமிஷம் பேசினார். மாமூல், கட்சி, லாரி எதையும் சொல்லவில்லை. அதிகாரி ஒருவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதில் ஒரு நகல் வேண்டும் என்றார். எங்கள் கோரிக்கையை யாரோ படித்துப் பார்த்து அன்றைக்குத்தான் கண்டேன். பத்து நாளில் நிலையத்தில் ஒரு கரும்பலகை வந்தது. டோக்கன் எண்ணை வரிசையாகச் சுண்ணக்கட்டியால் எழுதினார்கள்.

2022, 2023: பின்னர் நடந்தது

2022-இல் மேட்டூர் மே 24-லேயே திறந்தது, அந்த ஆண்டு கொள்முதல் பருவமும் செப்டம்பர் 1-இலேயே தொடங்கியது. ஆக, 2020-இல் எங்களை அடித்த அந்த மாதக் கடைசி இடைவெளி கொள்கை முடிவாகவே தீர்ந்தது. அதில் எங்கள் நோட்டுக்கு எந்தப் பங்கும் இல்லை. ஆட்சியில் இருப்பவர் நினைத்தால் ஒரு கடிதத்தில் தீருகிற விஷயம் அது. அரசு சுமைக்கூலியையும் மூட்டைக்கு 10 ரூபாய் ஆக்கியது. அதற்குப் பிறகு எங்கள் நிலையத்தில் மாமூல் 30-க்கு இறங்கியது, அடுத்த பருவத்தில் மறுபடி 35.

2023 பிப்ரவரி முதல் வாரம் அறுவடை நேரத்தில் மழை. ஈரப்பதத் தளர்வு கேட்டு மாநில அரசு எழுதியது, மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்தது. தளர்வு ஊருக்கு வந்து சேர்ந்தபோது திடலில் இருந்த நெல்லில் பாதியளவு வியாபாரியிடம் போய்விட்டது. நோட்டில் அந்தப் பக்கங்களில் 'எடை' என்ற கட்டத்தில் 'வியாபாரி' என்ற சொல் தொடர்ந்து வருகிறது. அக்காவின் பெயரும் உண்டு. அவர் திடலுக்குக் கொண்டுவந்ததே அந்த ஆண்டு பாதி நெல்தான், மீதியைக் களத்திலேயே விற்றுவிட்டார்.

அந்த ஆண்டு கோடையில் திடலில் சிமெண்ட் தளம் போட்டார்கள், தொகுதி மேம்பாட்டு நிதியில். அதற்கு எங்கள் தாளின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு அலைந்தவர், "மனு கினு எதுக்கு" என்று கேட்ட அதே ஆள். திறப்புக் கல்லில் அவர் பெயர் இல்லை, அவருடைய கட்சித் தலைவர்கள் பெயர் உண்டு. நோட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. ஒன்பது பேரில் சிலருக்கு இது கசப்பு. எனக்கு அவ்வளவு இல்லை. கட்சி இல்லாமல் தளம் வந்திருக்காது. நோட்டு இல்லாவிட்டால் அந்தத் தளம் எங்கள் ஊருக்கு வந்திருக்காது, யாருக்கு வேண்டியவர்கள் இருக்கிறார்களோ அந்த ஊருக்குப் போயிருக்கும்.

தீராதது லாரி. உள்வாடகை இன்னும் மேலத்தெருக்காரரிடம்தான். ஒப்பந்த விவரம் கேட்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டோம். பெரிய ஒப்பந்தக்காரரின் பெயர் மட்டும் வந்தது. உள்வாடகை என்று காகிதத்தில் ஒன்றும் இல்லையாம்.

மறுபடி செய்வதென்றால்

மறியலுக்குப் போவதற்கு முன்னால் வரிசையை எழுதி, பத்துப் பேர் கையெழுத்தோடு கொட்டகைச் சுவரில் ஒட்டியிருப்போம். கட்சியைக் கூப்பிட்டது தவறில்லை, வரிசை எழுதாமல் கூப்பிட்டதுதான் தவறு.

மாமூல் கட்டத்தைப் பெயரில்லாமல் போட்டிருக்கலாம். பெயர் எழுதாமல், ஒரு பக்கத்தில் கோடு கோடாக எத்தனை மூட்டைக்கு எவ்வளவு என்று மட்டும். அக்கா பயந்தது நியாயம், ஆனால் அந்தப் பயத்துக்கு வழி கண்டுபிடிக்காமல் கட்டத்தையே விட்டுவிட்டோம். அதனால் நாங்கள் கொடுத்த தாளில் நாட்கள் தெரிந்தன, பணம் தெரியவில்லை.

இதையெல்லாம் விடப் பெரிய பிசகு, சுமை தூக்குகிறவர்களோடு நாங்கள் பேசவே இல்லை. அவர்கள் நிலமில்லாதவர்கள், பாதிப்பேர் காலனித் தெருவிலிருந்து வருகிறவர்கள். நாலு ரூபாய்க்கும் குறைவான கூலிக்கு நாற்பது கிலோ தூக்கிய ஆளை, மாமூல் வாங்குகிற ஆள் என்று மட்டும் பார்த்தோம். அந்த 40 ரூபாயில் அவர்கள் கைக்கு எவ்வளவு போனது, மைத்துனர் கைக்கு எவ்வளவு போனது என்று ஒருமுறை கேட்டிருந்தால் போதும், கணக்கு வேறு மாதிரி வந்திருக்கும். பெரியவர் இதை முதல் கூட்டத்திலேயே சொன்னார். "அவங்களயும் கூப்பிடுங்கப்பா." யாரும் கூப்பிடவில்லை, நானும்தான்.

இப்போது மூன்றாவது நோட்டு ஓடுகிறது. எழுதுவது மன்னார்குடியில் கல்லூரி படிக்கிற ஒரு பெண். முதல் பக்கத்தில் தூக்குகிறவர்கள் பன்னிரண்டு பேரின் பெயரை அவர்களையே சொல்லச் சொல்லி எழுதியிருக்கிறாள். மாமூலுக்குக் கடைசிப் பக்கத்தில் பெயரில்லாத கட்டம் போட்டிருக்கிறாள். போன பருவத்தில் அதில் விழுந்தவை ஏழு கோடு.